"சிஸ்டர், நீங்களே நில்லுங்க!"

2022 பிப்ரவரியில் நகராட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் வார்டு பெண்கள் வார்டு. யார் யார் வீட்டுக்காரம்மா நிற்கப்போகிறார் என்று டீக்கடையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது தெருக்காரர்கள் நாலு பேர் என் அண்ணியைத் தேடி வந்து, "சிஸ்டர், நீங்களே நில்லுங்க" என்றார்கள்.

அண்ணி அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். டூட்டி முடிந்து வந்தாலும் வாசலில் யாராவது பி.பி. பார்க்க நிற்பார்கள். கொரோனா நேரத்தில் பயந்து ஒளிந்தவர்களையெல்லாம் பேசிப் பேசி ஊசி போட அழைத்துப்போனவரும் அவர்தான். வந்தவர்களுக்குச் சிரித்து மழுப்பிவிட்டார். அப்புறம் நான் கேட்டபோது சொன்னார்: "நிக்கணும்னா முதல்ல ராஜினாமா எழுதிக் குடுக்கணும் தம்பி. தோத்தா வேலையும் போச்சு, இத்தனை வருஷ சர்வீஸும் போச்சு. உங்க அண்ணன் ஆட்டோ ஓட்டுற காசுல ரெண்டு பிள்ளைங்களப் படிக்க வைக்க முடியுமா?"

எனக்குப் பதில் இல்லை. ஜெயித்திருந்தாலும் அன்றைக்குக் கவுன்சிலருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது.

அமெரிக்காவில் எடி பெர்னிஸ் ஜான்சன் என்று ஒரு நர்ஸ் இருந்தார். டெக்சஸ்காரர், கறுப்பினப் பெண். அந்தக் காலத்தில் சொந்த மாநிலத்தில் நல்ல நர்ஸிங் கல்லூரி எதுவும் இவரைச் சேர்த்துக்கொள்ளாது என்பதால் இண்டியானா போய்ப் படித்தார். டல்லாஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனையில் பதினாறு வருடம் வேலை பார்த்து, மனநலப் பிரிவின் தலைமை நர்ஸ் ஆனார். அந்த ஊர்ப் பெரிய துணிக்கடைகளில் கறுப்பினப் பெண்கள் தொப்பியையோ செருப்பையோ போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். காசு கொடுத்து வாங்கலாம், போட்டுப் பார்க்கக் கூடாது! இவர் ஐம்பது பெண்களைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தில் இறங்கினார்.

1972-இல் மாநில சட்டமன்றத்துக்கு நிற்கச் சொன்னார்கள். அங்கேயும் அண்ணி சொன்ன அதே சிக்கல். மத்திய அரசு ஊழியர் கட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று சட்டம். வேலையை விட்டால்தான் நிற்க முடியும். அப்போது கைகொடுத்தவர் யார் தெரியுமா? டல்லாஸின் பெரிய கடைகளில் ஒன்றான நீமன் மார்க்கஸின் தலைவர் ஸ்டான்லி மார்க்கஸ். தைரியமாக நில்லுங்கள் என்று சொன்னதோடு, தன் நிறுவனத்தில் ஒரு வேலையும் கொடுத்தார். ஜான்சன் நின்றார், ஜெயித்தார். 1992-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அங்கே போன முதல் பதிவுபெற்ற நர்ஸ் அவர்தான். முப்பது வருடம் இருந்தார், கடைசி நாலு வருடம் அறிவியல் குழுவின் தலைவராக.

இந்தக் கதையைப் படித்தவர்கள் எல்லாம் அவருடைய துணிச்சலைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கடைக்காரர் கொடுத்த வேலைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. அது இல்லாமலும் அவர் ஜெயித்திருக்கலாம், யார் கண்டது. ஆனால் ஒரு முதலாளியின் நல்ல மனதை நம்பித்தான் ஒரு நர்ஸ் தேர்தலில் நிற்க வேண்டுமா?

டாக்டர்கள் நிற்கிறார்களே என்பீர்கள். சொந்த கிளினிக் வைத்திருப்பவர் தோற்றால் மறுநாள் காலை கிளினிக்கைத் திறந்துகொள்ளலாம். போஸ்டரில் பேருக்கு முன்னால் 'டாக்டர்' வேறு. சம்பளத்தை நம்பியிருக்கும் நர்ஸுக்கு அந்த மறுநாள் இல்லை.

அரசு ஊழியர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்ற நியாயம் எனக்கும் புரிகிறது. தாசில்தாரும் இன்ஸ்பெக்டரும் பதவியில் இருந்தபடியே ஓட்டுக் கேட்டால் விபரீதம்தான். ஆனால் வார்டில் டிரிப்ஸ் ஏற்றுகிறவர் யாரை மிரட்டி ஓட்டு வாங்கப்போகிறார்? ஜெர்மனியில் நாடாளுமன்றத்துக்கு நிற்கிறவருக்குப் பிரச்சாரத்துக்காக விடுப்பு கேட்கும் உரிமையை அரசியல் சட்டமே தருகிறது. இரண்டு மாதம் வரை, சம்பளமில்லாமல். சம்பளம் இல்லாவிட்டால் பரவாயில்லை, தோற்றால் திரும்பிப்போக வேலை இருக்கிறதே! அந்த அளவுக்காவது இங்கேயும் கொடுக்கலாம். உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் என்று ஆரம்பித்தால்கூடப் போதும்.

அண்ணிக்கு ரிடையர்மென்டுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. "அப்ப நிக்கிறேன், நீதான் போஸ்டர் ஒட்டணும்" என்கிறார். சரி என்றிருக்கிறேன். அதற்குள் எங்கள் வார்டு பொது வார்டாக மாறிவிட்டால், அவரைத் தேடி யாராவது வருவார்களா என்றுதான் தெரியவில்லை.