முதலில் ‘இல்லை’ என்பார்கள்

2019 தீபாவளியை ஊரில் யாரும் சரியாகக் கொண்டாடவில்லை. மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை உயிரோடு எடுத்துவிடுவார்களா என்று தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அந்த நாட்களில் வேறு எந்தச் செய்தியும் காதில் ஏறவில்லை. அதனால்தானோ என்னவோ, எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற கூடங்குளத்தைப் பற்றிய சேதி வள்ளியூர் டீக்கடைக்கு இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது.

அணுமின் நிலையத்துக் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று அக்டோபர் 28-ல் சமூக ஊடகத்தில் பேச்சு கிளம்பியது. 29-ல் நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது: பொய்யான தகவல் பரவுகிறது, உலைகளின் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி நெட்வொர்க்கோடு சேராதது, அதைத் தாக்கவே முடியாது. மறுநாள் நிலையத்தை நடத்துகிற இந்திய அணுமின் கழகத்தின் அறிக்கை: வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான், கணினித் தாக்குதல்களைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4-லேயே தகவல் சொல்லிவிட்டது, நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கணினியில்தான் அது இருந்தது, உலைப் பக்கம் பாதிப்பில்லை.

செப்டம்பர் 4-லிருந்து அக்டோபர் 30 வரை 56 நாள்.

நான் அணு உலைக்கு ஆதரவா எதிர்ப்பா என்ற சண்டைக்கு வரவில்லை. இடிந்தகரைப் போராட்டக் காலத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது, அது போதும். அந்த இரண்டாவது அறிக்கையை நான் நம்புகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். என் மனத்தாங்கல் முதல் அறிக்கையோடுதான். கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி அதில் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் கேட்ட கேள்வி அது அல்லவே. வீட்டுக்குள் திருடன் வந்தானா என்று கேட்டால், பீரோ பூட்டித்தான் இருக்கிறது என்று பதில் சொன்ன மாதிரி.

அதன் விளைவு என்ன ஆனது தெரியுமா? அதே அக்டோபர் 19-ல் இரண்டாம் உலை திடீரென்று நின்றிருந்தது. நீராவி உருவாக்கும் கலத்தில் நீர்மட்டம் குறைந்தது என்று காரணம் சொல்லியிருந்தார்கள். உலை நிற்பதும் ஓடுவதும் எங்களுக்குப் புதிதல்ல, யாரும் கண்டுகொள்ளவில்லை. வைரஸ் இருந்தது உண்மை என்று ஆன பிறகு ஆளாளுக்கு இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். முடிச்சுப் போட ஒரு ஆதாரமும் கிடையாது. ஆனால் ‘சம்பந்தம் இல்லை’ என்று சொன்னால் நம்புவதற்கு ஊரில் ஆள் இல்லாமல் போய்விட்டது.

அந்த வைரசின் பெயர் டிட்ராக். பாதுகாப்பு ஆய்வு செய்கிற காஸ்பர்ஸ்கி நிறுவனம் இதை வடகொரியாவோடு சேர்த்துப் பேசப்படும் லாசரஸ் குழுவின் கைவேலை என்கிறது. இது எதையும் உடைக்காது. கீபோர்டில் என்ன தட்டுகிறோம், எந்தெந்தக் கோப்பு இருக்கிறது, எந்தத் தளத்துக்குப் போனோம் என்று சத்தமில்லாமல் குறித்துக்கொள்ளும். அதாவது வேவு. இதன் உறவுக்கார வைரஸ் ஒன்று இந்திய ஏடிஎம்களில் கார்டு விவரம் திருடியதைத் தொடர்ந்து போனபோதுதான் டிட்ராக்கே பிடிபட்டது. பணத் திருட்டுக்கும் வேவுக்கும் ஒரே கன்னக்கோல்.

‘உலை தனி நெட்வொர்க், பயமில்லை’ என்கிற சமாதானத்தையும் முழுசாக விழுங்க முடியவில்லை. ஈரானின் நத்தான்ஸ் அணு ஆலையும் வெளியோடு தொடர்பில்லாத இடம்தான். 2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் பென் டிரைவ் வழியாகவே உள்ளே போய், யுரேனியம் செறிவூட்டும் சுழல் இயந்திரங்களில் சுமார் ஆயிரத்தைக் கெடுத்துவிட்டது. இயந்திரம் வேகம் மாறிச் சுற்றும்போது திரையில் மட்டும் எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டியதாம்! கம்பி இல்லாவிட்டாலும் இடையில் மனுசன் இருக்கிறானே.

சரி, உலையை விடுங்கள். பணகுடி, ராதாபுரம் பக்கம் வந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலை. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, வியாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இன்டர்நெட் சேவையைத் தாக்கினார்கள். உக்ரைன் படைகளின் தொடர்பை அறுப்பதுதான் நோக்கம் என்று பிறகு அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சொல்லி, ரஷ்யா மேல் குற்றம் சாட்டின. ஆனால் பல்லாயிரம் மோடம்கள் ஒரே நேரத்தில் செத்துப்போனதில், போரிலேயே இல்லாத ஜெர்மனி முதலான மத்திய ஐரோப்பிய நாடுகளில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு அறுந்தது. இறக்கை பாட்டுக்குச் சுற்றியது, மின்சாரமும் வந்தது. பழுது வந்தால் தூரத்திலிருந்து சரிசெய்ய மட்டும் வழியில்லை. நம்மைக் குறிவைத்தால்தான் நம் மேல் விழும் என்பதில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை. பாளையங்கோட்டையில் என் பெரியப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போன வருடம் அவருக்கு, போலீஸ் என்று சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கிற ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ போன் வந்தது. உங்கள் ஆதாரை வைத்துப் பணமோசடி நடந்திருக்கிறது, கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது. இரண்டு நாள் மாடி அறையில் இருந்தார். பிக்சட் டெபாசிட்டை உடைத்து ஏழு லட்சம் அனுப்பினார். எங்களுக்குத் தெரிந்தது மூன்று வாரம் கழித்து, பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் எடுக்கப் போனபோது. அப்போதும் முதலில் ‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல’ என்றுதான் சொன்னார்.

“ஏன் பெரியப்பா அன்னைக்கே சொல்லல?” என்று கேட்டேன்.

“என்னன்னுடே சொல்லச் சொல்லுத? ஊரே சார்னு கும்பிடுத மனுசன், ஏமாந்துட்டேன்னு எப்படிச் சொல்லுதது?”

உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்திருந்தால் பணத்தை வழியிலேயே முடக்கிப் பார்த்திருக்கலாம். மூன்று வாரத்தில் அது எத்தனை கணக்கு தாண்டியதோ. (எதிர்முனையில் பேசியவன்கூட அடிமையாக இருக்கலாம். கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்துப்போய், மியான்மரின் மியாவடி மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளை 2022-ல் மீட்டு வந்தார்களே.)

பெரியப்பாவின் வெட்கம் எனக்குப் புரிகிறது. அதே வெட்கத்தை ஓர் அணுமின் நிலையம் படக் கூடாது. விஷயத்தைச் சொன்னால் எதிரிக்குத் துப்பு கொடுத்ததாகும் என்பார்கள். யாரும் பாஸ்வேர்டைக் கேட்கவில்லையே. 2019 மார்ச்சில் நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ என்ற அலுமினிய நிறுவனத்தைப் பிணைத்தொகை வைரஸ் முடக்கியது. முதல் நாளே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள், கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் சேர்க்காதீர்கள் என்று வாசலில் தாளில் எழுதி ஒட்டினார்கள், பிணைத்தொகையும் கொடுக்கவில்லை. கம்பெனி மூழ்கிவிடவில்லை.

இங்கே சட்டம் பாதி வழி வந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும். நல்லது. ஆனால் 2023 நவம்பரில் அதே செர்ட்-இன்னுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். மேலே போகிற தகவல் அங்கேயே தங்கிவிடும். 2012 ஜூனில் நக்கநேரியில் அவசரகால ஒத்திகை நடத்தியவர்கள், அதே ஊர்க்காரர்களுக்கு ‘இன்ன தேதியில் இன்ன கணினியில் வைரஸ் வந்தது, எடுத்துவிட்டோம்’ என்று நாலு வரி நோட்டீஸ் ஒட்ட முடியாதா?

இப்போதெல்லாம் பராமரிப்புக்காக உலையை நிறுத்துகிறோம் என்று பேப்பரில் வந்தாலும், டீக்கடை அண்ணாச்சி கிளாசைக் கழுவிக்கொண்டே “வைரசாத்தான் இருக்கும், என்ன?” என்று என்னைப் பார்க்கிறார். இல்லை அண்ணாச்சி என்று சொல்லத்தான் வாய் வருகிறது. அடுத்து அவர் “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பாரே என்று டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.