வீடியோவுக்கு எதை வைத்து மார்க் போடுவது?

எங்கள் எழுத்துப் பயிற்சி வகுப்பில் கட்டுரைக்குப் பதிலாக வீடியோ, ஒலிப்பதிவு, போஸ்டர் என்று எதில் வேண்டுமானாலும் செய்து தரலாம். இன்டர்னலில் 10 மதிப்பெண். இப்படித் தொடங்கிய முதல் வருடம் தலைப்பு தண்ணீர்.

ஒரு மாணவன் கொடுத்த வீடியோவில் ட்ரோன் காட்சி, உருக்கமான இசை, கேன்வா என்ற டிசைன் செயலியில் செய்த எழுத்துகள் எல்லாம் இருந்தன. 8 போட்டேன். ஒரு மாணவி பழைய போனில் இரண்டரை நிமிட ஒலிப்பதிவு கொடுத்தாள். விடிகாலைத் தெருக்குழாய். நடுவில் நாற்பது விநாடிக்குப் பேச்சே இல்லை. குடம் நிறையும் சத்தம் மட்டும். எடிட் செய்யத் தெரியவில்லை என்று நினைத்து 5 போட்டேன்.

அவளே வந்து கேட்டாள். "மேடம், குடம் நிறையுற வரைக்கும் அம்மா பேசவே மாட்டாங்க. தண்ணி எப்ப நிக்கும்னு தெரியாதுல்ல. கேக்குறவங்களும் அந்த நேரம் காத்திருக்கட்டும்னுதான் வெட்டாம விட்டேன்." மறுபடி கேட்டேன். நிறைய நிறையச் சத்தம் மெல்லியதாகி மேலே ஏறுகிறது. அதன் பிறகுதான் அம்மாவின் குரல். அன்றே மார்க்கைத் திருத்தினேன்.

நான் மார்க் போட்டது பளபளப்புக்கு. இன்னும் சொன்னால், வீட்டில் லேப்டாப் இருக்கிறதா என்பதற்கு. அது அநியாயம்.

அமெரிக்காவில் ஜோடி ஷிப்கா என்ற பேராசிரியர், படைப்போடு சேர்த்து நோக்கத்தையும் தேர்வுகளையும் விளக்கி மாணவர்களை எழுதித் தரச் சொல்வார். எதைச் சாதிக்க நினைத்தாய், இந்த வடிவம் ஏன், வேறு எதை யோசித்துக் கைவிட்டாய். அதைப் பார்த்து நானும் மாற்றினேன். யாருக்காகச் செய்தது, அவர்களுக்குப் போய்ச் சேருமா என்பதற்கு 4. தேர்வுகளுக்கான காரணத்துக்கு 4. எடுத்தாண்ட படம், இசை யாருடையது என்று சொல்வதற்கு 2. கேமரா தரத்துக்கு ஒன்றும் கிடையாது.

இதெல்லாம் எழுத்தா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியூ லண்டன் குழு என்ற பத்து அறிஞர்கள், எழுத்தோடு படமும் ஒலியும் சேர்ந்தே பொருள் தருகின்றன என்று 1996லேயே எழுதிவிட்டார்கள். நாற்பது விநாடி மௌனத்தை எங்கே வைப்பது என்று யோசிப்பதும், பத்தியை எங்கே உடைப்பது என்று யோசிப்பதும் எனக்கு ஒரே வேலைதான்.

ஆனால் விளக்கத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால், நன்றாக ஆங்கிலம் எழுதுபவனே மறுபடி முந்துவான். அதனால் தமிழில் எழுதலாம், அல்லது ஐந்து நிமிடம் நேரில் பேசலாம் என்று வைத்திருக்கிறேன். இந்த செமஸ்டரில் 58 பேர். எல்லோரும் நேரில் பேசினால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வேண்டும். அதை டைம்டேபிளிலேயே ஒதுக்கித் தரச் சொல்லித் துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.