மௌனப் படத்தில் ஷாட்டுகளை ஒட்டும் பசை எது?

கிராமத்து நிலக்காட்சியை ஐந்து நிமிட மௌனக் குறும்படமாக எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அழகான ஷாட்டுகளின் பட்டியலோடு போகிறார்கள். விடியல், பனித்துளி, வரப்பு, தூரத்து மலை, கடைசியில் டிரோன். எடிட்டிங்கில் அடுக்கினால் நாட்காட்டியைப் புரட்டியதுபோல் இருக்கும். ஒலியுள்ள படத்தில் காற்றிரைச்சலும் பறவைச் சத்தமும் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு அறுபடாமல் ஓடும். இரண்டும் ஒரே இடம்தான் என்று காது சொல்லிவிடும். மௌனப் படத்தில் அந்தப் பசை இல்லை. அதனால் ஒரு ஷாட் அடுத்ததோடு சேரும் ஒவ்வொரு இணைப்பையும் கேமராவை எடுக்கும் முன்பே தாளில் ஒட்டிவிட வேண்டும் என்பேன்.

அதற்கு எளிய வழி, அந்த இடத்தில் தொடர்ந்து ஓடும் ஒன்றைப் பிடித்துக்கொள்வது. ஓடை, ஒற்றையடிப் பாதை, வேலி எதுவானாலும் சரி. ஓடை என்றால், திரையில் நீர் எப்போதும் இடமிருந்து வலமாகவே ஓடட்டும். எதிர்க்கரைக்குப் போய் எடுத்தால் திசை புரண்டுவிடும். பார்ப்பவருக்கு அது வேறு ஓடை. விளக்கிச் சொல்ல வசனமும் கிடையாது. கரை மாறியே ஆகவேண்டும் என்றால், நீர் நேராகக் கேமராவை நோக்கி வரும் ஷாட் ஒன்றை இடையில் வையுங்கள். பாலத்தின் மேலிருந்து அது எளிதாகக் கிடைக்கும்.

சத்தத்தையும் கண்ணுக்குக் காட்டத் திட்டமிட வேண்டும். மேயும் மாடு சட்டென்று தலை தூக்குகிறது, அடுத்த ஷாட்டில் பறவைக் கூட்டம் எழும்புகிறது. இந்த இரண்டே ஷாட்டில் பார்ப்பவர் ஒரு சத்தத்தைக் கேட்டுவிடுவார்.

கணக்கு இப்படி. ஐந்து நிமிடம் என்றால் 300 விநாடி. அகலக் காட்சியில் கண் சுற்றிப் பார்த்து அமர 10 விநாடியாவது வேண்டும். நெருக்கக் காட்சிக்கு 4, 5 போதும். 35 முதல் 40 ஷாட்டில் படம் முடிந்துவிடும். சினிமாவின் முன்னோடிகளான லூமியர் சகோதரர்கள் 1895இல் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 விநாடி ஓடும், அசையாத ஒரே ஷாட். இடம் பார்க்கப் போகும்போது அதையே அளவுகோலாக வையுங்கள். 50 விநாடி நின்று பார்த்தும் எதுவும் மாறாத இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

ஒரே இடத்தைக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பார்த்து, திசைகாட்டியோடு வரைபடத்தில் குறியுங்கள். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. 20 நிமிடம் தாமதித்தாலே நிழல் இடம் மாறி, முந்தைய ஷாட்டோடு ஒட்டாது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகிவிட்டால் அகலக் காட்சிகளை நிறுத்திவிட்டு மரத்தடிக்கும் திண்ணைக்கும் போய்விடுவது நல்லது. அந்நேரம் தூரத்தை அருகில் இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் போட்டால் வெட்டவெளியில் கானல் அலை படத்தையே குழப்பிவிடும்.

விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஷட்டர் வேகம் 1/50 விநாடி அளவில் இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில் அதற்கு, லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கட்டாயம். இல்லாமல் ஷட்டரை 1/1000க்கு ஏற்றினால் காற்றிலாடும் பயிர் வெட்டி வெட்டித் துள்ளும். திருகி அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டியை அகல லென்ஸில் முழுக்கத் திருகினால் வானத்தில் பெருக்கல் குறி போலக் கறுப்பு விழும். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மேகம் கடக்கும்போது ஷாட்டின் நடுவிலேயே நிறம் மாறும். ஆட்டோ ஃபோகஸும் வேண்டாம், ஆடும் புல்லில் அது அலைந்துகொண்டே இருக்கும். பான் செய்தால், அதாவது கேமராவை நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திருப்பினால், ஒரு மரம் திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக 7 விநாடியாவது ஆகட்டும்.

பின்னணி இசை போட்டுக் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பதை நான் ஏற்கவில்லை. மௌனப்பட காலத்திலும் அரங்கில் இசை வாசித்தார்கள், உண்மைதான். ஆனால் நிலக்காட்சியில் இசை வந்ததும் எங்கே சோகம், எங்கே மகிழ்ச்சி என்று அது முந்திக்கொண்டு சொல்லிவிடும். கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். எழுத்து மட்டும் வரும் டைட்டில் கார்டும் மூன்றைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொன்றும் நிதானமாக இருமுறை வாய்விட்டு வாசிக்கும் நேரம் திரையில் நிற்கட்டும். முதல் கார்டிலேயே இது ஒலியில்லாத படம் என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் தங்கள் போனில்தான் கோளாறு என்று நினைப்பார்கள்.

முதல் எடிட் முடிந்ததும் அந்த இடத்தைப் பார்த்திராத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். கையில் தாளும் பென்சிலும் கொடுத்து, ஓடை எங்கே, வீடு எங்கே, பாதை எந்தப் பக்கம் என்று வரையச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, அந்த இணைப்பைத்தான் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும்.