பூங்காவைக் கல்யாணத்துக்குக் கொடுக்கலாம், பூட்டக் கூடாது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவை வழக்கம்போல எங்கள் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். கேட் பூட்டியிருந்தது. பூட்டுக்கு மேலே செவ்வந்தி மாலை தொங்குகிறது, உள்ளே சிங்காரி மேளம் அடிக்கிறார்கள், சட்டையில் ரோஜாப்பூ குத்திய ஒரு பையன் வாசலில் நின்றுகொண்டு "தனியார் நிகழ்ச்சி, நாளைக்கு வாங்க" என்கிறான். அம்மாவுக்கு 78 வயது. மூட்டுவலிக்கு டாக்டர் சொன்ன அரை மணி நேர நடை அவளுக்கு அங்கேதான், ரோட்டில் நடக்க விட்டால் பைக்காரன்களுக்குப் பயந்தே விழுந்துவிடுவாள். கேட் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தாள். "மக்களே, நாம இருக்குத பெஞ்சிலல்லா பாத்திரம் களுவுதாவ" என்றாள்.

அன்றைக்கு ராத்திரியே கோபத்தில் ஒரு பதிவு எழுதினேன். பொதுப் பூங்காவில் கல்யாணமே நடத்தக் கூடாது, எங்கள் வரிப்பணம், அது இது என்று. போடவில்லை. நல்ல வேளை.

ஏனென்றால் அந்த வாரமே தங்கச்சி வீட்டில் அவள் மகளுடைய நிச்சயத்துக்குக் கணக்குப் போட உட்கார்ந்தோம். தாய்மாமன் என்ற பட்டம் இருக்கிறதே, அதற்கு நோட்டும் பேனாவும் என் கையில்தான். விருந்துக்கு 120 பேர், மிஞ்சினால் 150. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆடிட்டோரியம் எல்லாம் ஆயிரம் பேரை மனதில் வைத்துக் கட்டியவை. ஒரு நாள் வாடகை என்று ஒன்று சொல்வார்கள், சரி என்று தலையாட்டியதும் கரண்டுக்குத் தனி, ஜெனரேட்டர் டீசலுக்குத் தனி, துப்புரவுக்குத் தனி, மேடை அலங்காரம் அவர்கள் சொல்கிற ஆள்தான், சமையலும் அவர்கள் கை காட்டுகிற ஆள்தான், இத்தனைக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. தங்கச்சி மாப்பிள்ளை ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் பேப்பரைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். மருமகள்தான் கேட்டாள்: "மாமா, பேசாம பார்க்ல வச்சா என்ன?"

ரெண்டு நாள் முன்னால் பூட்டிய கேட்டின் வெளியே நின்று பல்லைக் கடித்தவன் நான். என்ன பதில் சொல்ல?

ஒரு நியாயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் கல்யாணம் வீட்டுக்குப் பின்னால் இருந்த விளையில், அதாவது தோப்பில், நடந்தது. தென்னைகளுக்கு நடுவே ஓலைப்பந்தல், மணல் விரித்து அதன் மேல் பாய், ஒரு ஓரத்தில் உருளி ஏற்றி அடைப்பிரதமன். இடத்துக்கு வாடகை என்று ஒரு பைசா கிடையாது. இன்றைக்கு அதே விளையில் நாலு வீடு, நாலு காம்பவுண்டுச் சுவர். 1,672 சதுர கிலோமீட்டருக்குள் 2011 கணக்குப்படி 18.7 லட்சம் பேர் இருக்கிற மாவட்டம் இது, அதிலும் வடக்கே மலையும் காடும் போக மிச்சத்தில்தான் எல்லாரும். சென்னையை விட்டால் நம்ம அளவுக்கு நெருக்கமாக வாழ்கிற மாவட்டம் தமிழ்நாட்டில் அப்போது வேறு இல்லை. ஊர்ப் பேரில் மட்டும் விளை இருக்கிறது, விளை எங்கே? முற்றமும் தோப்பும் உள்ளவனுக்கு அது போதும், பணம் உள்ளவனுக்கு ஆடிட்டோரியம், ரிசார்ட். ரெண்டும் இல்லாதவனுக்கு மரமும் நிழலும் உள்ள இடம் என்று ஊரில் மிஞ்சியிருப்பது அந்தப் பூங்கா ஒன்றுதான். அதைக் கொடுக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை.

சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்று அலுவலகத்துக்குப் போனேன் (எந்த அலுவலகம், எந்தப் பூங்கா என்று கமெண்டில் தோண்ட வேண்டாம், சொல்ல மாட்டேன்). "பூங்காவை ஒரு நாளைக்கு எடுக்க என்ன ரேட் சார்?" "யாருக்கு?" இதுதான் பதில். ரேட் கேட்டால் யாருக்கு என்று திருப்பிக் கேட்கிற இடத்தில் எழுதி வைத்த ரேட் இல்லை என்று அர்த்தம். ரசீது எப்படி இருக்கும், முன்பணம் எவ்வளவு, எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், எதற்கும் காகிதம் இல்லை. "ஆளைக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்." அந்த ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணக்காரரும் இப்படித்தான் பேசியிருப்பார், அதனால்தான் அவருக்கு மொத்தப் பூங்காவும் சாவியோடு கிடைத்திருக்கிறது.

நியூயார்க்கில் இருக்கிற என் நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். அங்கே நகரப் பூங்காவில் 20 பேருக்கு மேல் கூடினால் அனுமதி வாங்க வேண்டும், விண்ணப்பக் கட்டணம் 25 டாலர், யாராக இருந்தாலும் இணையத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான் என்றான். ஒரு மர நிழலில் மோதிரம் மாற்றிக்கொண்டிருப்பார்கள், பக்கத்துப் பாதையில் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு போவார், யாரும் யாரையும் வெளியே போ என்று சொல்வதில்லை. எனக்குப் பிடித்தது இதுதான். அவர்கள் வாடகைக்கு விடுவது பூங்காவின் ஒரு மூலையை, அதுவும் சில மணி நேரத்துக்கு. நாம் விடுவது கேட்டையும் சேர்த்து.

சட்டமும் இந்தப் பக்கம்தான் பேசுகிறது. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி இவற்றைக் காப்பாற்றவே தமிழ்நாட்டில் 1959-இல் தனிச் சட்டம் போட்டார்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுத்தபோது, 1991-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக்கே இல்லை என்றால் சிங்காரி மேளத்துக்கு எப்படி? ஒரு நாள் வாடகையும் நிரந்தரமாகக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் வருஷத்தில் ஐம்பது ஞாயிற்றுக்கிழமை பூட்டினால் அம்மாவுக்கு ரெண்டும் ஒன்றுதான்.

அப்போ எப்படிக் கொடுக்கலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நடக்கிறவர்கள் வருவது விடியக்காலை ஐந்திலிருந்து எட்டு வரை, சாயங்காலம் ஐந்துக்கு மேல். பள்ளிக்கூடம் விட்டு பிள்ளைகள் ஊஞ்சலுக்கு வருவதும் நாலரைக்கு மேல்தான். காலை ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை பூங்காவில் யார் இருக்கிறார்கள்? ரெண்டு காதல் ஜோடி, மூணு நாய், பெஞ்சில் தூங்குகிற ஒரு தாத்தா. நிச்சயதாம்பூலம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நாலு பேரோடு சாப்பிடுவது எல்லாம் இந்த நேரத்துக்குள் முடிகிற காரியம். 150 பேருக்கு மேல் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் கயிறு கட்டிக் கொடுங்கள், நடைபாதை எப்போதும் திறந்தே இருக்கட்டும். தாத்தாவையும் எழுப்ப வேண்டாம். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இல் வந்த ஒலி மாசு விதி சொல்வதை யார் கண்காணிப்பது என்ற தலைவலியும் மிச்சம்.

அடுத்தது சமையல். இங்கேதான் என் சித்திமார் எல்லாரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பூங்காவுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்பது என் கட்சி. நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு என்றால் அவியல், எரிசேரி, துவரன், கிச்சடி, புளிசேரி, ரெண்டு பாயசம், அதில் பிசைந்து சாப்பிட மட்டிப்பழம், கடைசியில் சம்பாரம். இத்தனையும் அங்கே வைத்துச் சமைக்க விறகு, உருளி, வார்ப்பு, டேங்கர் வெள்ளம், கழுவுகிற இடம் என்று ஒரு சின்ன ஊரே வந்து இறங்க வேண்டும். அம்மாவின் பெஞ்சு பாத்திரம் கழுவுகிற மேடையானது இப்படித்தான். புகை மரத்துக்கு ஆகாது, கொதி வெள்ளம் ஊற்றினால் வேர் வெந்துபோகும். சமைத்துக் கொண்டு வந்து பரிமாறட்டும். வாழை இலையில் போடட்டும், அது மக்கி உரமாகிவிடும். பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூசின தாள் எல்லாம் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை, ஆனால் அன்றைக்குக் கேட் கம்பி வழியாக நான் பார்த்தது வேறு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டம் நடத்தினால் மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும், குப்பையை நடத்துகிறவரே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-இலேயே திடக்கழிவு விதியில் எழுதிவிட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர் யாராவது இதைக் கேள்விப்பட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

முன்பணம் கட்டாயம் வேண்டும். வாடகை குறைவாக இருக்கட்டும், ஆட்டோ ஓட்டுகிறவர் கொடுக்கிற மாதிரி. முன்பணம் மட்டும் கொஞ்சம் வலிக்கிற அளவுக்கு. காலையில் ஒரு போட்டோ, காலி பண்ணும்போது ஒரு போட்டோ, ரெண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் பணம் திரும்ப வர வேண்டும். மரத்தில் ஆணி அடித்திருந்தால் வராது. கக்கூஸ் பற்றி விரிவாக எழுத மனமில்லை. ரெண்டு கக்கூஸ் உள்ள இடத்தில் முன்னூறு பேர், மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

மழையையும் யோசிக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு மழைக்காலம், நமக்கு ரெண்டு. ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கும், அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி. திறந்தவெளியில் தைரியமாக வைக்கலாம் என்றால் தையிலிருந்து பங்குனி வரைதான். மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், தவக்காலத்தில் அவர்கள் வீட்டுக் கல்யாணம் அநேகமாக இருக்காது, ஆகவே கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஜனவரியில் ஒரு நெரிசல், ஈஸ்டருக்கு அப்புறம் இன்னொரு நெரிசல். அந்த ரெண்டாவது நெரிசல் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடுகிற நேரத்தோடு முட்டும். அந்த மாதங்களில் பகலிலும் ஊஞ்சல் காலியாக இருக்காது. அதனால் மாசத்துக்கு நாலு நாள், மே மாதம் கிடையாது என்று முன்கூட்டியே போர்டில் எழுதிவிட்டால் சண்டையே வராது.

எனக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஏழைக்கு என்று ஆரம்பிப்பது ஏழையிடம் நிற்காது. ஒரு வருஷம் கழித்து யாராவது ஒரு காண்டிராக்டர் மொத்தமாக ஏலம் எடுப்பார், நிரந்தரத் தகரப் பந்தல் போடுவார், பூங்கா இன்னொரு ஆடிட்டோரியம் ஆகும். 2023 ஏப்ரலில் கல்யாண மண்டபத்தில் மது பரிமாற அனுமதி என்று ஒரு அறிவிப்பு வந்து, ஊரே கத்தியதும் மண்டபத்துக்கு இல்லை என்று பின்வாங்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? வாடகை வருமானம் என்று ருசி கண்டுவிட்டால் எது வேண்டுமானாலும் வரும். ஆகவே ஏலம் கூடாது. நேராக உள்ளாட்சியே ரசீது போட்டுக் கொடுக்கட்டும்.

போட்டோகாரர்களுக்கும் இதே கணக்குத்தான். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் அந்தக் குறுகலான நடைபாதையில் பெண்ணின் முந்தானையை மூணு பேர் பிடித்துப் பறக்கவிட்டால் எதிரே வருகிற கிழவி எங்கே போவாள்? உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் கல்லறைக்குப் பக்கத்திலேயே ஒரு ஜோடி கண்ணோடு கண் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர் பாவம், 1777-லிருந்து நிம்மதியாகப் படுத்திருக்கிறார்.

மருமகளுக்கு நிச்சயம் தை மாதம். பூங்கா இல்லை. ரேட்டும் ரசீதும் இல்லாத இடத்தில் ஆளைப் பிடித்துக் காரியம் சாதிக்க தங்கச்சி மாப்பிள்ளைக்கும் மனசில்லை, எனக்கும் இல்லை, ஒரு ஆடிட்டோரியத்தின் சின்ன ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அந்த அலுவலகத்துக்கு மட்டும் எழுத்தில் ஒரு மனு கொடுத்து, கொடுத்ததற்குச் சீல் வாங்கி வைத்திருக்கிறேன்: கட்டணம், நேரம், ஆள் எண்ணிக்கை, முன்பணம் நாலையும் கேட்டில் எழுதி மாட்டச் சொல்லி. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.

அம்மா மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிட்டாள். பெஞ்சில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை என்று பழைய துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் விரித்துத்தான் உட்காருகிறாள். பக்கத்து வேப்பமரத்தில் சீரியல் லைட்டுக்கு அடித்த ஆணி அப்படியே இருக்கிறது. நேற்று அதில் தன் குடையை மாட்டியிருந்தாள்.