அவுஸ்திரேலியாவுக்குக் கிராக்கர் போகாது

டிசம்பர் முதல் சனிக்கிழமை, காலை ஒன்பதரை. இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிற சித்தப்பாவின் கடையில், தபால் கவுண்டருக்கு முன்னால் பதினேழு பேர் நிற்கிறார்கள். நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) முந்திய மூன்று சனிக்கிழமையும் நான் அங்கேதான், ஒரு கையில் செலோடேப், மறு கையில் கத்தரிக்கோல். சம்பளம் சித்தியின் சோறும் கணவாய்க் கறியும்.

வரிசையில் முதல் ஆள் ஒரு வெள்ளைக்கார அம்மா, எண்பது வயது இருக்கும். அவுஸ்திரேலியாவில், பேர்த்தில் இருக்கிற பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப ஆறு நத்தார் கிராக்கர் இருக்கிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கிராக்கர் தெரியும்தானே, இரண்டு பேர் இரண்டு நுனியைப் பிடித்து இழுத்தால் டப்பென்று வெடித்து உள்ளே இருந்து காகிதத் தொப்பி, ஒரு மொக்கை ஜோக், ஒரு சின்னப் பிளாஸ்டிக் சாமான் எல்லாம் விழும். அந்த டப்புக்காக உள்ளே ஒரு துளி வெடிமருந்து இருக்கிறது. பிரித்தானியாவுக்குள் என்றால் கடைப்பெட்டியோடு அப்படியே அனுப்பலாம், வெளிநாட்டுக்கு விடமாட்டார்கள். சித்தப்பா அதைச் சொல்ல அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. பின்னால் பதினாறு பேர். நானாக இருந்தால் "சொறி" சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன்.

சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "லவ், வெடிக்கிறதை இங்கேயே வெடிச்சிட்டு மிச்சத்தை அனுப்புவமா?" என்று அவருடைய ஆங்கிலத்தில் கேட்டார். (சித்தியை முப்பது வருடமாக ஒருநாள்கூட அப்படிக் கூப்பிடாத மனுஷன் கவுண்டருக்கு வருகிற எல்லாரையும் லவ் என்பார். சித்திக்கு இதில் ஒரு நிரந்தரக் கோபம் உண்டு.) அந்த அம்மா ஒரு நுனி, வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு நுனி. தபால் கந்தோருக்குள் ஆறு வெடி. ஒரு குழந்தை அழுதது, ஒரு நாய் குரைத்தது, மற்ற எல்லாரும் சிரித்தார்கள். தொப்பி ஆறையும் மடித்து, சாமான்களைப் பொறுக்கி, ஜோக் துண்டுகளையும் சேர்த்துக் கவருக்குள் போட்டு, சுங்கப் படிவத்துக்கு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் சித்தப்பாவே பதிந்தார்: காகிதத் தொப்பி 6, பிளாஸ்டிக் சீப்பு 1, இத்தனை கிராம், இத்தனை பென்ஸ். பேர்த் விலாசத்தை அந்த அம்மா ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். எல்லாமாகப் பதினொரு நிமிஷம்.

கணினியில் பதிவானது வெளிநாட்டுப் பொதி ஒன்று. அவ்வளவுதான்.

இதைத்தான் சொல்ல வந்தேன். இங்கே தபால் கந்தோர் நடத்துகிறவர் அரசாங்கச் சம்பளக்காரர் என்று எங்கள் ஆட்களே பலர் நினைக்கிறார்கள். ஊரில், அதுதான் இலங்கையில், அப்படி. அங்கே உப தபாலதிபர் என்றால் ஊருக்குள் ஒரு மரியாதை இருந்தது. (தமிழ்நாட்டு நண்பர்களே, எங்களிடம் பள்ளிக்கூடத்துக்கும் அதிபர், தபால் கந்தோருக்கும் அதிபர். வெள்ளை மாளிகைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) பிரித்தானியாவில் இருக்கிற கிட்டத்தட்ட 11,500 கிளைகளில் மிகப் பெரும்பாலானவை தனியாட்களும் கடைக் கம்பனிகளும் நடத்துகிறவை. சித்தப்பா மாதிரியான ஆளுக்குக் கடை அவருடையது, வாடகை, கரண்ட், வேலையாள் எல்லாம் அவருடைய செலவு, வருமானம் பெரும்பாலும் செய்கிற ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கிடைக்கிற கொமிஷன். கடிதம் கொண்டுவருகிற ரோயல் மெயில் 2012இலேயே பிரிந்துபோன வேறு கம்பனி. ஆனால் கடிதம் பிந்தினால் ஏச்சு விழுவது கவுண்டரில் நிற்கிற ஆளுக்குத்தான், ஏனென்றால் முகம் என்று பார்க்கக் கிடைப்பது அவருடையது மட்டும்.

அப்போ பதினொரு நிமிஷத்துக்குக் கூலி என்ன? ஒரு நிமிஷ வேலைக்கு என்னவோ அதேதான்.

டிசம்பர் பிறந்தால் உள்ளூர்ப் பேப்பர்களில் ஒரு கட்டுரை கட்டாயம் வரும். சிவப்புத் தொப்பி போட்ட தபாலதிபர் சிரித்துக்கொண்டு நிற்பார், கீழே "எங்கள் ஊரின் இதயம்". முந்தி நானும் ஷெயார் பண்ணுவேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்தான். அந்த ஆள் நல்லவர் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல மனம் என்று பெயர் வைத்தவுடன் அந்த வேலை இலவசமாகிவிடுகிறது, அதுதான் பிரச்சினை. இதைச் சொன்னதற்கு ஒரு நண்பர், "அன்புக்கும் பில் போடச் சொல்லுறியா?" என்று கேட்டார். தாதிக்கும் அன்பு இருக்கிறது, மாதம் முடியச் சம்பளமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் தம்பி.

அந்தக் கவுண்டரில் என்னவெல்லாம் நடக்கிறது என்று ஒரு நாள் நின்று பார்த்தால்தான் தெரியும். 2015இலிருந்து இந்த நாட்டில் 6,000க்கு மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டுவிட்டன. சித்தப்பாவின் ஊரிலும் வங்கி இருந்த இடத்தில் இப்போது நாய்க்கு முடி வெட்டுகிறார்கள். சலூன்காரர், சந்தையில் மரக்கறி விற்கிறவர், மதுக்கடைக்காரர் எல்லாரும் நத்தார் வியாபாரக் காசைப் பையோடு கொண்டுவந்து தபால் கவுண்டரில் கொட்டுகிறார்கள். அதை எண்ணிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒருவர் ஸ்பெயினில் இருக்கிற மகளுக்குச் சொக்ஸ் அனுப்பப் பொதியோடு நிற்பார். 2021க்கு முதல் அந்தப் பொதி சும்மா போகும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு சொக்ஸ் இரண்டு சோடி, நிறை எவ்வளவு, பெறுமதி எவ்வளவு என்று படிவம் வேண்டும். அந்த மனுஷனுக்கு அது கோபம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு இருக்கிற கோபம் முழுவதையும் சித்தப்பாவிடம் காட்டுவார்.

அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் அட்டை, நீளத்துக்கு வெட்டின துவாரத்தோடு இருக்குமே, அது. வாழ்த்து அட்டை அந்த 5 மில்லிமீற்றர் துவாரத்துக்குள்ளால் போனால் சாதாரணக் கடிதம், மாட்டுப்பட்டால் பெரிய கடிதம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காசு. இப்போதெல்லாம் அட்டையில் பொத்தான், மணி, ரிப்பன் என்று என்னவோ எல்லாம் ஒட்டி விற்கிறார்கள். முதல்தர முத்திரையே 2025 ஏப்ரலில் 1.70 பவுண்ட்ஸ் ஆகிவிட்டது, ஓய்வூதியத்தில் சீவிக்கிறவருக்கு இருபது அட்டை என்றால் சின்னக் காசில்லை. சித்தப்பா அட்டையை ஒருக்கால் அழுத்திப் பார்ப்பார், திருப்பிப் போட்டுப் பார்ப்பார், ரிப்பனைக் கொஞ்சம் தட்டையாக்கலாமா என்று கேட்பார். விட்டால் கூடுதல் கொமிஷன் வரும், அந்த ஆள் விடமாட்டார்.

இன்னொரு அம்மா வருடா வருடம் விலாசக் கொப்பியோடு வருவார். செத்துப்போனவர்களின் பெயருக்கு மேலே பென்சிலால் ஒரு மெல்லிய கோடு. முன்பு ஐம்பது முத்திரை வாங்கினவர், இந்தமுறை பதினான்கு. சித்தப்பா எத்தனை என்று வாய் திறந்து கேட்பதில்லை, முத்திரைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அவர் சொல்லும்வரை காத்திருப்பார்.

சரி, கணினிப் பிழைக்குத் தபாலதிபர்களைத் திருடர்கள் ஆக்கி இந்த நாடு என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் நத்தார் நேரத்தில் எனக்கு ஞாபகம் வருவது சீமா மிஸ்ரா. சரே மாகாணத்தில் வெஸ்ட் பைஃபிளீட் என்கிற ஊரில் தபால் கந்தோர் நடத்தினவர். புஜிட்சு கம்பனி தபால் கந்தோர்களுக்குச் செய்து கொடுத்த ஹொரைசன் என்கிற கணக்குக் கணினி காட்டின பொய்க் கணக்கை நம்பி, 74,000 பவுண்ட்ஸ் திருடினார் என்று 2010 நவம்பரில், மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாளன்று, வயிற்றில் பிள்ளையோடு சிறைக்கு அனுப்பினார்கள். அந்த வருட நத்தார் அவருக்குச் சிறையில். தீர்ப்பு ரத்தானது 2021 ஏப்ரலில். இப்படித் தண்டிக்கப்பட்டவர்கள் 900 பேருக்கு மேல். அவர்களில் எங்கள் தெற்காசிய ஆட்கள் நிறையப் பேர்.

ஹம்ப்ஷயரில் ஒரு கிராமத்துத் தபாலதிபர் ஜோ ஹமில்டனின் கதை வேறு மாதிரி. ஹொரைசன் உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு அவர்கள் சொன்னபடி செய்யச் செய்ய, கணக்கில் 2,000 பவுண்ட்ஸ் குறைவு கண்ணுக்கு முன்னாலேயே 4,000 ஆனது. கடைசியில் 36,000 கேட்டார்கள். ஊர்ச்சனம் காசு சேர்த்துக் கொடுத்தது, தீர்ப்பு நாளன்று எழுபதுக்கு மேற்பட்டவர்கள் நீதிமன்றத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். கணினி என்ன சொன்னாலும் தங்கள் முத்திரையை யார் ஒட்டித் தந்தது என்று அந்த ஊருக்குத் தெரியும்.

2024 ஜனவரியில் இந்த அநியாயத்தைப் பற்றின நாடகத் தொடர் ரிவியில் போனபோது சித்தப்பாவின் கடைக்கு வந்து கைகுலுக்கினவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் கண் கலங்கினார். அவர்களில் பாதிப்பேர் முத்திரையைச் சூப்பர்மார்க்கெட்டில் வாங்குகிறவர்கள், பொதிக்கான காசை ஒன்லைனில் கட்டி லேபலை ஒட்டிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்துவிட்டுப் போகிறவர்கள், அதற்குச் சித்தப்பாவுக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது. வசதி என்று வந்தால் கைகுலுக்கல் எல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறது.

2030க்குள் தபாலதிபர்களின் சராசரி வருமானத்தை இரட்டிப்பாக்கப் பார்ப்போம் என்று 2024 நவம்பரில் போஸ்ட் ஒபிஸ் கம்பனி சொன்னது. நடக்கட்டும், நடந்தால் நானே கேக் வெட்டுவேன். 2025 ஜூலையில் அரசாங்கமும் தபால் கந்தோர்களின் எதிர்காலம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டது. எத்தனை கிளை, எத்தனை மைல் தூரம் என்றெல்லாம் கதைக்கிறார்கள், அந்தப் பதினொரு நிமிஷத்தைப் பற்றி யாரும் கதைப்பதாகத் தெரியவில்லை. படிவம் நிரப்பிக் கொடுப்பது, கிழடுகளுக்கு விளக்கிச் சொல்வது, வங்கி செய்யவேண்டியதைச் செய்வது, இதற்கெல்லாம் கிளைக்கு மாதம் ஒரு நிலையான தொகை கொடுத்தால் என்ன? வங்கிகளிடமிருந்து வாங்கிக் கொடுங்கள். மூடிவிட்டுப் போனது அவர்கள்தானே.

அன்று பின்னேரம் கடையைப் பூட்டப் போகையில் சித்தி கூட்டிக்கொண்டிருந்தார். தராசுக்குக் கீழே இருந்து ஒரு சின்னக் காகிதம் வந்தது, கிராக்கர் ஜோக். ஐந்துதான் பேர்த்துக்குப் போயிருக்கிறது. சித்தப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டுதரம் வாசித்தார், விளங்கவில்லை, என்னிடம் தந்தார். நான் விளக்கினேன், அப்போதும் சிரிக்கவில்லை. "இதுக்குத்தான் அந்தக் கிழவி இந்தப் பாடுபட்டவளோ" என்றார்.

பிறகு ஒரு கவரை எடுத்து அந்தத் துண்டை உள்ளே வைத்தார். விலாசம் எழுதின காகிதம் இன்னும் கவுண்டரில்தான் கிடந்தது, அதைப் பார்த்து எழுதினார். கணினியைத் திரும்பவும் திறந்து, தன் பொக்கற்றில் இருந்து காசை எடுத்து லாச்சிக்குள் போட்டு, அவுஸ்திரேலியாவுக்கு ஒரு கடிதம் என்று பதிந்தார். சித்தி விளக்குமாற்றோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பார்க்கிறாய்? இதுக்கும் கொமிஷன் வரும்."