வண்டி கரூர் தாண்டிடுச்சு சார்

கோயம்புத்தூரிலிருந்து எனக்குச் சரக்கு ஏற்றி வரும் ஒரு லாரி கரூரை எத்தனை தடவை தாண்ட முடியும்? வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேட்டேன், "கரூர் தாண்டிட்டான் சார்." பதினொரு மணிக்குக் கேட்டேன், "கரூர் தாண்டிட்டான் சார்." மதியம் ஒன்றரைக்கு அதே ஆள், அதே குரல், "இப்பதான் சார் கரூர் தாண்டுறான்." அப்போது காலையில் தாண்டியது யாருய்யா? மூன்று மணிக்கு மேல் போனே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வேறு ஒருவர் எடுத்து, கொஞ்சம்கூடக் கூச்சமே இல்லாமல், "வண்டி பல்லடத்துல லோடு ஏத்திக்கிட்டு இருக்கு சார்" என்றார். பல்லடம். கோயம்புத்தூரிலிருந்து கிளம்பினால் கரூருக்கு முன்னால் வரும் ஊர் அது. நேற்று மூன்று முறை கரூர் தாண்டிய வண்டி இன்று பல்லடத்தில் நிற்கிறது.

காளான் வளர்க்க ஒரு அறை. அவ்வளவுதான் என் ஆசை. 20 அடிக்கு 12 அடி, 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் (இரண்டு தகடுக்கு நடுவே வெப்பம் தடுக்கும் நுரை வைத்த பலகை), இரும்புச் சட்டம், எல்லாம் அறுத்து ஓட்டை போட்டு வந்துவிடும், நட்டு போல்ட் முடுக்கினால் அறை தயார் என்று விளம்பரம். தஞ்சாவூர் வெயிலில் சிப்பிக் காளானைக் கீற்றுக் கொட்டகையில் வைத்துப் பார்த்து, சித்திரையில் மொத்தமும் கருகிப்போன பிறகு எடுத்த முடிவு. பணம் முழுக்கக் கட்டியாயிற்று, 18 சதவீத ஜிஎஸ்டியோடு.

பணம் கட்டிய மறுநாள் வாட்ஸ்அப்பில் ஏழு பக்கம் வந்தது. சரக்கு இறக்க வாடிக்கையாளர் செய்ய வேண்டிய முன்னேற்பாடுகளாம். பெண் அழைக்க வரும் மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை கேட்க மாட்டார்கள். 19 அடி வண்டி வரும், தெரு அகலம் இவ்வளவு இருக்க வேண்டும், லோடு 12 அடி உயரம், குறுக்கே ஒயர் தாழ்வாக இருக்கக் கூடாது, ஆறு ஆள் தயாராக நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி நின்றால் ஹால்டிங் சார்ஜ் தனி. டிரைவர் இறக்க மாட்டார், கதவைத் திறந்து விடுவதோடு அவர் வேலை முடிந்தது.

சரி என்று எல்லாவற்றையும் செய்தேன். எதிர்வீட்டு மணல் குவியலை என் செலவில் ஓரங்கட்டினேன். வேப்ப மரத்தில் தெருப்பக்கம் நீண்ட கிளையை வெட்டினேன், அதற்கு அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூங்கிலில் கயிறு கட்டித் தெருமுனை கேபிள் ஒயரை அளந்தேன், 14 அடி, லோடு 12 அடி, நிம்மதி. கொல்லையில் நாலடிக்கு ஒன்றாகச் சவுக்குக் கட்டை போட்டு, அதிலும் ஒரு பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி வைத்தேன், மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ஓட வேண்டும், ஷீட்டுக்கு நடுவே தண்ணீர் தங்கினால் வெள்ளைத் துரு பிடித்துவிடும் என்று ஐந்தாம் பக்கத்தில் போட்டிருந்தது. புதுத் தார்ப்பாய். அரிசி மண்டியிலிருந்து ஆறு லோடுமேன், ஆளுக்கு 900 ரூபாய். இத்தனையும் வியாழக்கிழமை 9 மணி முதல் 11 மணிக்குள் வரும் வண்டிக்காக.

அந்த ஆறு பேரும் வந்தார்கள், வேப்ப மரத்தடியில் (மிச்சம் இருந்த மரத்தடியில்) உட்கார்ந்தார்கள், டீ குடித்தார்கள், கரூர் தாண்டிய செய்தியை ஒவ்வொரு முறையும் என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நாலு மணிக்கு மூத்தவர் வந்து, "அண்ணே, நாங்க இறக்கத் தயாராத்தான் இருந்தோம்" என்றார். நியாயம். 5,400 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன், ஒரு திருகாணிகூட இறங்காமல்.

இப்போது வெள்ளிக்கிழமை இரவு 10.40.

தெருமுனையில் ஹாரன். செருப்பில்லாமல் ஓடினேன். வண்டி நிற்கிறது. பின்னால் என் பேனல், என் இரும்பு. அதற்கு மேலே, ஊர்த் தேரின் உச்சி மாதிரி, நான்கு கறுப்புத் தண்ணீர் டேங்க்!

என்னுடையது இல்லை. பட்டுக்கோட்டைக்காரர் ஒருவருடையது. போகிற வழிதானே என்று பல்லடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். லோடு 12 அடி என்று எழுதிய மகராசன் டேங்கைப் பற்றி எழுதவில்லை. டிரைவர் இறங்கினார், ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உள்ள போகாது சார், கரண்டு ஒயரு" என்றார். கேபிள் டிவி ஒயர் அண்ணே என்றேன். "எதுவா இருந்தா என்ன சார், எனக்கு மேல ஒயருன்னா ஒயருதான்." அப்படியானால் காலையில் வாருங்கள், ஆள் வரச் சொல்கிறேன் என்றேன். "ராத்திரி பன்னெண்டோட இ-வே பில் முடியுது சார்."

எனக்கு அதுவரை இ-வே பில்லைப் பற்றி ஒரு வருத்தமும் கிடையாது. சரக்கு ஏற்றிப் போகும் வண்டிக்கு ஜிஎஸ்டியில் போடும் சீட்டு அது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, எங்கள் ஊர் அதைத் தாண்டிய தூரம் என்பதால் இரண்டு நாள். புதன்கிழமை சாயங்காலம் பில் போட்டாயிற்று, வெள்ளி நள்ளிரவோடு சரி. அந்த இரண்டு நாளில் ஒன்றரை நாளைப் பல்லடத்தில் டேங்குக்காகக் காத்திருந்து தின்றுவிட்டு, மிச்சம் ஒரு மணி இருபது நிமிடத்தை எனக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார். நேரத்தை நீட்டிக்கொள்ளலாம், அதற்கு வழி இருக்கிறது, ஆபீசில் சொன்னால் செய்வார்கள் என்றேன். ஆபீசுக்குப் போன் போட்டார். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்.

அப்புறம் நடந்ததைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். மச்சானை எழுப்பினேன். டீக்கடை மாஸ்டர் கடையைச் சாத்திக்கொண்டிருந்தவர், சாத்தாமல் வந்தார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பனியனோடு வந்து, உதவி செய்யாமல், யோசனை மட்டும் சொன்னார். முதல் யோசனை ஒயரைத் தூக்குவது. என் மனைவி துணி காயப்போடும் கொடிக்கம்பைப் பிடுங்கி வந்து, மச்சான் அதைத் தூக்கிப் பிடிக்க, வண்டி அங்குலம் அங்குலமாக நகர, "வரட்டும் வரட்டும் வரட்டும்" என்று தலைமையாசிரியர் கத்த, முதல் டேங்க் போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவதின் மூடியில் ஒயர் மாட்டிக்கொண்டது. மச்சான் கம்பைத் தூக்குகிறான், ஒயர் வரவில்லை. டிரைவர் பின்னால் எடுக்கிறார், ஒயர் விறைக்கிறது. எங்கேயோ ஒரு வீட்டில் "டிவி போச்சு" என்று ஒரு பாட்டியின் குரல். தெருவில் நாலு ஜன்னல் திறந்தது. லாரியின் மேல் ஏறி மூடியைக் கழற்றி ஒயரை விடுவித்தவன் நான். கீற்றுக் கொட்டகையில் ஏணி ஏறவே பயப்படுகிற நான்.

இரண்டாம் யோசனைதான் முதல் யோசனையாக இருந்திருக்க வேண்டும்: டேங்கை இறக்கிவிடுவது. எப்படியும் என் சரக்கு அதற்குக் கீழேதானே இருக்கிறது! ஆக, நாங்கள் நாலு பேர், நடு இரவில், எங்கள் ஊரில், பட்டுக்கோட்டைக்காரருடைய டேங்குகளை இறக்கினோம். டேங்க் கனமில்லை, ஆனால் பிடிக்க இடம் கிடையாது, கட்டிப்பிடித்தால்தான் உண்டு. ஒன்று உருண்டு போய் தலைமையாசிரியர் வாசலில் நின்றது. உள்ளே என்னவோ கடகடவென்று ஓசை. மூடியாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேனல். பஃப் பேனலை ஒன்றின் மேல் ஒன்றாக இழுக்கக் கூடாது, இருபுறமும் பிடித்துத் தூக்கித்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கீழே இருப்பதில் கீறல் விழும், ஓரம் நசுங்கினால் ஒன்றோடொன்று பொருந்தாது. ஏழு பக்கத்தில் இரண்டு இடத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அனுப்பியதில். டிரைவரோடு வந்த பையனுக்கு யாரும் அனுப்பவில்லை போலிருக்கிறது, அவன் சர்ரென்று இழுத்து நிறுத்தினான். "தம்பி, தூக்கு தம்பி, இழுக்காத" என்று நான் கத்தக் கத்த, "ஒண்ணும் ஆவாது சார்" என்று அடுத்தது. மூன்று பேனல் ஓரம் போயிற்று. ரசீதில் கையெழுத்துக் கேட்டபோது "3 பேனல் ஓரம் நசுங்கியுள்ளது, உதிரிப் பெட்டி 1 வரவில்லை" என்று எழுதித்தான் போட்டேன். டிரைவர் முகம் மாறியது, "வெறும் கையெழுத்து போதும் சார்." போதாது அண்ணே. யாராக இருந்தாலும் எழுதாமல் போடாதீர்கள், சேதம் என்றால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அந்த ராத்திரி தூக்கம் வராமல் அதையும் படித்தேன்.

உதிரிப் பெட்டி என்று எழுதினேன் அல்லவா, போல்ட், திருகாணி, ரிவிட், கதவுப் பூட்டு, எல்லாம் அதில்தான். இரும்பும் பேனலும் என் கொல்லையில் சவுக்குக் கட்டை மேல் இரண்டு அங்குலச் சாய்வோடு ராஜா மாதிரி படுத்திருக்கின்றன, ஒன்றோடு ஒன்றை மாட்ட ஒரு திருகாணி கிடையாது. டிரைவரோ பெட்டியே ஏற்றவில்லை என்று சாதித்துவிட்டு, டேங்கை மட்டும் மறுபடி ஏற்றிக் கட்டிக்கொண்டு (ஆமாம், அதற்கும் நாங்கள்தான் கை கொடுத்தோம்) 12.25-க்குக் கிளம்பினார். இ-வே பில் முடிந்து இருபத்தைந்து நிமிடம். அதைப் பற்றி இப்போது அவருக்குக் கவலையே இல்லை.

சனிக்கிழமை காலை கம்பெனிக்குப் போன். "பெட்டி ஏத்தியாச்சு சார், போட்டோ இருக்கு." டிரைவருக்குப் போன். "ஏத்தலை சார்." மறுபடி கம்பெனி. மறுபடி டிரைவர். அத்தனை வசவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மூன்றாவது சுற்றுக்குத் தயாரானபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தவுடனே கத்தத்தான் போனேன். எதிர்முனையில் ஒரு வயதானவர் குரல், மெதுவாக.

"சார், நான் பட்டுக்கோட்டையிலேர்ந்து பேசுறேன். என் டேங்குக்குள்ள உங்க பேரும் நம்பரும் போட்டு ஒரு பெட்டி இருக்கு சார்."

மழை வந்தால் நனையக் கூடாதென்று பல்லடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பத்திரமாக உள்ளே போட்டு மூடியிருக்கிறான். அந்தக் கடகட ஓசை. நான் என் கையாலேயே கட்டிப்பிடித்து இறக்கி, என் கையாலேயே ஏற்றி, 50 கிலோமீட்டர் தள்ளி அனுப்பி வைத்த பெட்டி.

சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டுச் சொன்னார், வியாழக்கிழமையே வண்டி வரும் என்று அவரும் நாலு ஆளை வைத்துக் காத்திருந்தாராம், அவருக்கும் போனில் கரூர் தாண்டியாயிற்றாம். "உங்களுக்கு எத்தனை தடவை சார் தாண்டுச்சு?" என்று கேட்டேன். ரெண்டு என்றார். எனக்கு மூன்று.

நாளைக்குப் பேருந்தில் போய் பெட்டியை வாங்கி வரப் போகிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கட்டளை. அதை விடுங்கள். இந்த இரண்டு நாளில் லோடுமேன்களுக்கும் மற்றவர்களுக்கும் நாற்பது டீயாவது வாங்கியிருப்பேன், அப்போதுதான் கவனித்தேன், டீக்கடை கிளாஸ் எப்போதய்யா இவ்வளவு சின்னதாகப் போயிற்று? அடிப்பாகம் முழுக்கக் கண்ணாடி, மேலே பாதி நுரை, நடுவில் ரெண்டு மடக்கு. மாஸ்டர் ராத்திரி வந்து டேங்க் இறக்கிய நன்றிக்காக அவரிடம் கேட்காமல் இருக்கிறேன்.