நாயனத்தின் கெண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு இங்கிலாந்தில் இருக்கிற என் சித்தி மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மரத்துண்டு, நடுவே துளை, அடியில் இரண்டு ரப்பர் வளையம். கூடவே குரல் பதிவு. "அண்ணே, இது அஞ்சாவது. நாலு தொளதொளன்னு இருந்துச்சு, இது உள்ளயே போகமாட்டேங்குது, அழுத்துனா ரப்பர் அறுந்துபோகுது. நீ லேத் ஓட்டுறவன்தானே, என்ன தப்புன்னு சொல்லு."

அது மின் சிகரெட்டின் வாய்முனை. அங்கே ட்ரிப் டிப் என்கிறார்கள். பத்து பன்னிரண்டு வருஷம் சிகரெட் பிடித்தவன், அதை விட்டுவிட்டு இதற்கு மாறியிருக்கிறான். ஒரு தடவை இழுத்துத் தீர்த்துத் தூக்கிப்போடுகிற வகையை 2025 ஜூன் 1 முதல் அங்கே விற்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள், அதனால் திரவம் ஊற்றி நிரப்புகிற டேங்க் வகை வாங்கியிருக்கிறான், அதோடு வந்த பிளாஸ்டிக் முனை பிடிக்காமல் மேஜை மேல் வைக்கிற சின்ன லேத் ஒன்று வாங்கி விடுமுறை நாளில் தானே கடைந்துகொண்டிருக்கிறான். "நீயே ஒரு பத்து கடைஞ்சு அனுப்பேன் அண்ணே" என்றும் கேட்டான். அது நடக்காது என்று சொல்லிவிட்டேன். நம் நாட்டில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம் என்று மின் சிகரெட்டையே தடை செய்தாகிவிட்டது. தயாரித்தாலும் விற்றாலும் முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அது கிடக்க, நாயனம், அதாவது நாகஸ்வரம் வாசிக்கிறவர் வீட்டில் பிறந்தவன் நான், மூச்சைக் கெடுக்கிற எதுவும் எனக்கு ஆகாது, அதையும் அவனிடம் சொன்னேன்.

ஆனால் அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. கையால் செய்த ஒரு வாய்முனை இன்னொரு குழாயில் போய் உட்கார வேண்டும், காற்று கசியக்கூடாது, ஆடக்கூடாது, வேண்டும்போது இரண்டு விரலால் கழற்றவும் வர வேண்டும். இது எப்படி நடக்கும்?

மயிலாடுதுறையை அடுத்த குத்தாலம் பக்கம் எங்கள் ஊர். அப்பா நாயனம் வாசித்தார். நாயனத்தை மேடையில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான மரக்குழல் உலவு, கீழே விரிந்திருப்பது அணசு, மேலே உலோகத்தில் சின்னக் குழாய் ஒன்று இறங்கியிருக்கும், அது கெண்டை, அந்தக் கெண்டையின் தலையில் உட்கார்ந்து, ஊதும்போது வாய்க்குள் இருப்பதுதான் சீவாளி. ஆற்றங்கரையில் விளைகிற கொறுக்கத்தட்டையை வெட்டிப் பதப்படுத்தி, வேகவைத்து, காயவைத்து, மடித்து, கழுத்தில் நூல் கட்டி, கத்தியால் சீவிச் சீவி எடுக்கிற பொருள். திருவாவடுதுறையில் இன்றும் இதைக் குடும்பத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து நரசிங்கம்பேட்டை பக்கம்தான், அங்கே உலவு கடைகிறார்கள். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரியும். நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனம் கடைந்து கொடுத்ததும் அந்த ஊரில்தான்.

இந்த மூன்று துண்டும் சேருகிற இரண்டு இடம் இருக்கிறதே, அங்கேதான் எல்லாம். கெண்டையின் அடி உலவுக்குள் இறங்குகிற இடம் ஒன்று, சீவாளி கெண்டைமேல் ஏறுகிற இடம் ஒன்று. இரண்டு இடத்திலும் நடுவே இருப்பது நூல். அப்பா பருத்தி நூலை எடுத்து, மெழுகுக் கட்டியின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இரண்டு இழுப்பு இழுப்பார், நூல் பளபளவென்று விறைத்துக்கொள்ளும். அப்புறம் கெண்டையின் அடியில் சுற்றுவார், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே சந்து தெரியாது. எட்டுச் சுற்று சுற்றி உலவுக்குள் வைத்துத் திருகிப் பார்ப்பார், எடுப்பார், ஒரு சுற்றைப் பிரிப்பார், மறுபடியும் வைப்பார். கடைசியில் ஆடாமல் நின்று, திருகினால் கழன்றும் வந்தால் சரி. ஸ்கேல், வெர்னியர் எதுவும் கிடையாது. "ரெண்டு கெட்டியான சாமான் நடுவுல மெத்துன்னு ஒண்ணு இருக்கணும்டா, அதுதான் விட்டுக்கொடுக்கும்" என்பார். நான் பத்தாவது முடித்து லேத் பட்டறைக்குப் போன பிறகுதான் அதில் எவ்வளவு இருக்கிறது என்று புரிந்தது.

தம்பியின் மரத்துண்டில் அந்த நூலின் வேலையைச் செய்வது ரப்பர் வளையம். அவன் அதைப் பொம்மைக்குப் பொட்டு வைத்த மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறான். மரத்தைத் துளைக்குச் சரியாகக் கடைந்துவிட்டால் போதும், வளையம் சும்மா கூடுதல் காப்பு என்று. அங்கேதான் சறுக்கல். கடைந்த துண்டு துளைக்குள் சற்றுத் தளர்வாகத்தான் போக வேண்டும், பிடிமானம் முழுக்க வளையத்துடையது.

சரி, கணக்கைச் சொல்கிறேன். 510 என்று ஒரு அளவு சொல்கிறார்கள். அது பழைய மின் சிகரெட் ஒன்றின் மாடல் எண், அந்த எண்ணே அளவின் பேராக நின்றுவிட்டது. இதைவிட அகலமானது 810. திருகு மறை எல்லாம் கிடையாது, அழுத்திச் செருகுவதுதான். 510 என்றால் துளை எட்டரை மில்லிமீட்டர் சுமார் இருக்கும். அந்த 'சுமார்'தான் அவனைப் படுத்தியது. இணையத்தில் 8.5 என்று பார்த்தான், வெர்னியரை விட்டுப் பார்த்தான், அதுவும் 8.5 காட்டியது, நம்பிவிட்டான். சின்னத் துளைக்குள் வெர்னியரின் உள்தாடையை விட்டு அளந்தால் குறைத்துத்தான் காட்டும், ஏனென்றால் தாடையின் நுனி தட்டை, துளையின் சுவர் வளைவு, தட்டை போய் வளைவின் அடியைத் தொடாது. பட்டறையில் எல்லாப் பையன்களும் முதல் வருஷம் இதில் விழுவார்கள், நானும் விழுந்திருக்கிறேன்.

அதனால் அவனிடம் சொன்னேன், அளக்காதே, ஒரு வேண்டாத பித்தளைக் கம்பியை எடுத்துப் படிக்கட்டு மாதிரி 8.5, 8.6, 8.7, 8.8 என்று படிப்படியாகக் கடை, ஒவ்வொரு படியையும் மைக்ரோமீட்டரில் வெளியிலிருந்து பார்த்துக்கொள், பிறகு உன் டேங்கின் மூடியைக் கழற்றி அந்தக் கம்பியில் போடு, எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கு முந்திய படிதான் உன் துளை. மறுநாள் செய்தி வந்தது, "8.7 அண்ணே". பாருங்கள், புள்ளி இரண்டு மில்லிமீட்டர். நம் தச்சர்கள் சொல்கிற ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்கு மேலே. அதில் சுமார் பதினாறில் ஒரு பங்குதான் அவனுடைய நாலு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றிருக்கிறது.

துளை 8.7. அவன் கடைந்தது 8.4. ஆக ஒரு பக்கத்துக்கு 0.15 சந்து. வளையத்தின் தடிமன் 1 மில்லிமீட்டர், அது உட்காரச் சுற்றிலும் அவன் வெட்டிய பள்ளம், அதாவது காடியின் ஆழமும் 1 மில்லிமீட்டர். வளையம் காடிக்குள் முழுக்க இறங்கிப் படுத்துக்கொண்டது, சுவரைத் தொடவே இல்லை. தொளதொள. அஞ்சாவதில் பயந்துபோய்க் காடியை அரை மில்லிமீட்டர்தான் வெட்டினான், அரையும் சந்து 0.15-ம் சேர்ந்து 0.65, ஒரு மில்லிமீட்டர் தடிமனான ரப்பர் அந்த இடத்துக்குள் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நசுங்க வேண்டும். எப்படிப் போகும்? அறுந்துதான் போகும். இந்த மாதிரி அசையாமல் உட்காரும் வேலைக்கு வளையம் ஐந்தில் ஒரு பங்கு நசுங்கினால் போதும். உடம்பை 8.5-க்குக் கடை, சந்து 0.1, காடி ஆழம் 0.7, இரண்டும் சேர்ந்து 0.8, வளையம் 1. முடிந்தது கணக்கு.

காடியின் அகலத்தை மட்டும் வளையத்தின் தடிமனுக்குச் சரியாக வெட்டக்கூடாது, 1.4 வேண்டும். ரப்பர் அழுத்தினால் குறைகிற பொருள் இல்லை, ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் பிதுங்கும், பிதுங்க இடம் வேண்டும். காடியின் அடி விட்டம் 8.5-இல் இருந்து 1.4 போனால் 7.1, அதனால் உள்விட்டம் 7 உள்ள வளையம் வாங்கு என்றேன். அவனிடம் இருந்தது 6. அதை இழுத்து மாட்டினால் வளையம் மெலிந்துபோகும், மறுபடியும் கணக்கு கெட்டுவிடும். செருகும்போது வளையம் மாட்டி அறுபடாமல் இருக்க நுனியை லேசாகச் சரித்துவிட வேண்டும், ஒரு சொட்டு கிளிசரின் தடவிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும்.

இன்னொன்று, உள்ளே போகிற பகுதியை மரத்தில் செய்யவே கூடாது. அதை ஸ்டீலிலோ டெல்ரின் என்கிற கெட்டி பிளாஸ்டிக்கிலோ கடைந்து, மேலே உதடு படுகிற இடத்தில் மட்டும் மரத்தை ஏற்ற வேண்டும். அந்தத் திரவத்தில் இருப்பது கிளிசரினும் புரோபிலீன் கிளைகாலும், இரண்டும் ஈரத்தை இழுக்கிற சரக்கு, போதாததற்குச் சூடு வேறு. மரம் ஊறும், ஊறினால் பருக்கும், மூடிக்குள் இறுகி நின்றுவிடும், அவசரப்பட்டு இழுத்தால் கழுத்தோடு முறியும். குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டுபோகும், அப்போது அதே மரம் சுருங்கும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைப் புதிதாக வெட்டி உலவு கடையாமல், இடிக்கிற பழைய வீட்டின் உத்திரத்தையும் தூணையும் தேடிப் போவது இதனால்தான். எத்தனையோ ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் பார்த்த மரம், பருத்துச் சுருங்குவதையெல்லாம் கூரைக்குக் கீழேயே முடித்துவிட்டு வந்திருக்கும்.

இதையெல்லாம் தம்பிக்குச் சொல்லி முடித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊரிலேயே இப்போது இதே தப்பு நடக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வாசிக்கிற பிள்ளைகள் போனில் "ரெண்டரைக் கட்டைக்கு சீவாளி அரை டஜன் அனுப்புங்க" என்கிறார்கள், கூரியரில் வருகிறது. கெண்டையும் ஒரு கடையிலிருந்து தனியாக வருகிறது. இரண்டரைக் கட்டை என்பது சுருதி. 510 மாதிரிதான் அதுவும், எந்தக் குடும்பம் என்று சொல்லும், எந்த வீடு என்று சொல்லாது. உன் கெண்டையின் தலை எவ்வளவு பருமன், எவ்வளவு சரிவு, ஓரம் தேய்ந்திருக்கிறதா என்று அந்த எண்ணுக்கு எப்படித் தெரியும்? சுருதி சேர்க்கச் சீவாளியை ஒரு நெல் அளவு உள்ளே தள்ளினால் ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். பொருத்தம் சரியில்லாத சீவாளி தள்ளினால் பிளக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. அப்பாவின் பழைய கெண்டை தொலைந்துபோய், ஒரு கடையிலிருந்து வரவழைத்த புதுக் கெண்டையோடு ஒரு கல்யாணத்துக்குப் போனார். முதல் நாள் ராத்திரி ஜானவாசத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. விடிந்தால் மார்பு நடுங்குகிற பனி. முகூர்த்த நேரம், கெட்டிமேளம் சொல்கிறார்கள், அப்பா மூச்சைக் கொடுக்கிறார், சத்தத்தோடு சேர்ந்து உஸ்ஸென்று காற்று வருகிறது. கெண்டைக்கும் சீவாளிக்கும் நடுவே கசிவு. உதட்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அந்த ஐந்து நிமிஷத்தை ஓட்டினார், பக்கத்தில் இருந்த தவில்காரர் புரிந்துகொண்டு நடையை ஏற்றி மூடிவிட்டார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அப்பா சாப்பிட உட்காரவே இல்லை. மேல் உதட்டின் உட்புறம் வெள்ளையாகப் பதிந்திருந்தது, எனக்குக் காட்டினார்.

அடுத்த வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு திருவாவடுதுறை போனார். சீவாளி செய்கிற பெரியவர் முதலில் கேட்டது சுருதியை இல்லை. "கெண்டையைக் கொண்டாந்தீங்களா?" என்றார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார், தலையை நகத்தால் சுற்றித் தடவினார், ஓரிடத்தில் நகம் நின்றது, "இங்க பிசிறு இருக்கு" என்று சொல்லி அரத்தால் இரண்டே தேய்ப்பு. அப்புறம்தான் சீவாளிக் கட்டைப் பிரித்தார். ஏழெட்டை அந்தக் கெண்டைமேல் வைத்து வைத்துப் பார்த்து மூன்றை எடுத்துக்கொடுத்தார். மற்றதெல்லாம் நல்ல சீவாளிதான், வேறு யாருடைய கெண்டைக்கோ உரியவை.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே உயரத்தில் வாங்கியது. விளக்கித் துடைத்த பிறகு அம்மா ஒன்றின் தண்டை மற்றதன் பாதத்தில் மாற்றித் திருகினால் மறை ஏறாது. கையால் செய்கிற பொருள் அப்படித்தான் இருக்கும், அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. அந்த ஜோடியைப் பிரித்து எண் போட்டு விற்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே வாசிக்கிற தம்பிகளே, தங்கைகளே, திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் ஆடுதுறை வரை ரயில் வருகிறது, பஸ் வருகிறது, வருஷத்துக்கு இரண்டு தடவை போய்வருவது பெரிய பாடு இல்லை. நாயனத்தை முழுசாகக் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் கெண்டையையாவது எடுத்துக்கொண்டு போங்கள். செய்கிறவரின் முன்னால் உட்கார்ந்து, வைத்துப் பார்த்து, ஊதிப் பார்த்து வாங்குங்கள். அவர் கேட்கிற விலையைக் கொடுங்கள். ஒரு சீவாளிக்கு எத்தனை கை வேலை என்று பார்த்தால் பேரம் பேச மனசு வராது.

தம்பி ஆறாவதைக் கடைந்துவிட்டான். அடி ஸ்டீல், மேலே ஏதோ பழைய நாற்காலிக் காலில் எடுத்த மரம். உடம்பு 8.5, காடி 0.7 என்று படத்தில் பேனாவால் எழுதி அனுப்பியிருக்கிறான். வளையம் இல்லாமல் வைத்துப் பார்த்தானாம், சுற்றிலும் ஒரே மாதிரி லேசாக ஆடுகிறதாம், "இப்படித்தானே அண்ணே ஆடணும்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். உள்விட்டம் 7 வளையம் வந்து சேர இன்னும் நாலு நாள் ஆகுமாம்.